ஜெமிமா ரூட் இரண்டை இறக்கி வைத்தாள்

"ஏத்தணுமா, எறக்கணுமா?"

"எறக்கணும் அண்ணாச்சி."

"தானமா?" என்று இசக்கிராஜ் தலை நிமிராமலே கேட்டார்.

"தானமெல்லாம் இல்ல. எறக்கணும். அவ்வளவுதான்."

இப்போது நிமிர்ந்தார். மணிமுத்தாறு மகளிர் கல்லூரியின் கணித உதவி மையத்துக்கு அந்த இயந்திரம் வந்த நாளிலிருந்து அதை ஓட்டுகிறவர் அவர்தான். ஏற்றிக்கொள்ள வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார். தேர்வுக்கு முந்தின வாரம் வராந்தா கொள்ளாது. கொடுக்க வந்தவர்களையும் பார்த்திருக்கிறார். அது விரல்விட்டு எண்ணுகிற கூட்டம். ஏற்றிக்கொண்டதை வேண்டாம் என்று இறக்க வந்த பிள்ளையை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"ஒம் பேரென்னம்மா?"

"ஜெமிமா. தேர்ட் இயர் மேத்ஸ்."

"என்னத்த எறக்கணும்?"

"ரூட் ரெண்டு ஒரு விகிதமுறா எண்ணு, பின்னமா எழுத முடியாதுன்னு நிரூபிப்போம்லா, அதை."

"அது என்ன செய்யி உன்னைய? கடிக்கிதா?"

"கடிச்சாக்கூடத் தேவலையே. சும்மா கெடக்கு அண்ணாச்சி. அதான் பிரச்சினை."

அந்த இயந்திரத்துக்குப் பித்தளைத் தகட்டில் 'புரிதல் பெயர்ப்பி' என்று பெயர் வெட்டியிருந்தது. பிள்ளைகள் வாயில் அது 'டிரிப்ஸ்'. பார்ப்பதற்கு அழகு நிலையத்தில் முடி காயவைக்கிற தொப்பி மாதிரி இருக்கும். ஒரு பாடத்தை நன்றாகப் புரிந்துகொண்ட ஒருத்தி அதற்கடியில் உட்கார்ந்தால் அந்தப் புரிதல் ஒரு குப்பிக்குள் நீல நிறமாக இறங்கும். அந்தக் குப்பியை இன்னொருத்திக்கு ஏற்றினால், மூன்று மாதம் முட்டிமோதியும் மண்டையில் ஏறாதது, ஒரு டீ குடிக்கிற நேரத்தில் ஏறிவிடும். கொடுத்தவளுக்கு அது போய்விடும். ஆனால் ரத்த தானம் போலத்தான், இரண்டு மூன்று நாளில் தானாக ஊறிவிடும். அதனால் கொடுத்தவளுக்குக் கையோடு ஒரு பன்னும் ஒரு மாம்பழ ஜூஸ் பாக்கெட்டும் உண்டு. சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'சொந்தமாகப் புரிந்தது ஊறும். ஏற்றிக்கொண்டது ஊறாது.'

இந்த டிரிப்ஸ் வருவதற்கு முன்னால் அந்த அறையில் பழைய கேள்வித்தாள் கட்டுகளும், ஒரு கரும்பலகையும், சந்தேகம் கேட்க வட்டமாக ஒரு மேஜையும் இருந்தன. மேஜை இப்போதும் இருக்கிறது. ஜூஸ் பெட்டி அடுக்க வசதி.

"இங்க பாரும்மா, எறக்கிட்டா ஒனக்கு ஊறாது. ஏத்திக்கிட்ட சரக்கு. தெரியும்லா?"

"தெரிஞ்சுதான் வந்திருக்கேன்."

"மேடத்தக் கேக்காம நான் தொட மாட்டேன்" என்று இசக்கிராஜ் போனை எடுத்தார்.

நவமணி மேடம் மையத்தின் பொறுப்பாசிரியை. நடந்து வரும்போதே பேசிக்கொண்டு வருகிறவர். "யாரு? ஜெமிமாவா? உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? யூனிவர்சிட்டி எக்ஸாம் வரப்போகுது, ஏத்தினதை எறக்கணுமாம்ல! என்ன ஆச்சு?"

"நேத்து அம்பாசமுத்திரத்துல டெமோ கிளாஸ் மேடம். டீச்சர் வேலைக்கு."

"சரி."

"ரூட் ரெண்டு நடத்தச் சொன்னாவ. கடகடன்னு போட்டேன். போர்டு நிறைஞ்சு போச்சு. எனக்கே பெருமையா இருந்துச்சு. அப்ப மூணாவது பெஞ்சுல ஒரு ரெட்டைச் சடை எந்திரிச்சு, 'மிஸ், இதே கணக்க ரூட் நாலுக்கும் போட்டுப் பாத்தேன். ரூட் நாலும் விகிதமுறா எண்ணுன்னு வருது. ஆனா ரூட் நாலு வெறும் ரெண்டுல்லா?'ன்னு கேட்டுது."

"அடடா, நல்ல பிள்ளை! நீ என்ன சொன்ன?"

ஜெமிமா தரையைப் பார்த்தாள். "'அது வெளிப்படை'ன்னு சொன்னேன் மேடம்."

நவமணி மேடம் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

அது டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டவர்கள் எல்லோருக்கும் வருகிற வியாதி. எதைக் கேட்டாலும் 'வெளிப்படை'. ஏன் என்று கேட்டால் 'வெளிப்படை'. எப்படி என்று கேட்டாலும் அதே. அவர்களுக்கு அது உண்மையிலேயே வெளிப்படையாகத்தான் தெரியும், சுவர் தெரிகிற மாதிரி. சுவரைக் கட்டினது எப்படி என்று கேட்டால்தான் விழிப்பார்கள். மற்ற டிபார்ட்மெண்ட் பிள்ளைகள் அவர்களுக்கு 'வெளிப்படைக் கோஷ்டி' என்று பேரே வைத்துவிட்டார்கள்.

"கிளாஸ் சிரிச்சுது மேடம். ஹெச்.எம். மட்டும் சிரிக்கல. அதான் பயமா இருக்கு. நாளைக்குக் காலைல இன்னொரு வாட்டி வான்னுட்டாவ. அதே கிளாஸு. அதே ரூட் ரெண்டு."

"அதுக்கு இருக்கிறதையும் எறக்கினா எப்படி?"

"இருக்கிற வரைக்கும் எனக்குச் சந்தேகமே வர மாட்டேங்கு மேடம். ராத்திரி பூரா உக்காந்து பாத்தேன். எந்த வரியப் பாத்தாலும் சரியாத்தான் இருக்கு. ரெட்டைச் சடைக்குத் தட்டுற இடம் எனக்குத் தட்டவே மாட்டேங்கு."

மேடம் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். குரல் தணிந்துவிட்டது. "அது சரிதான். மிஷின் எடுக்கிறது வந்து சேர்ந்த இடத்தை. வந்த வழியை அது எடுக்கிறதில்ல. உனக்குக் கொடுத்தது யாரு, செண்பகாவா?"

"ஆமா மேடம். ஃபர்ஸ்ட் இயர்ல."

"அப்ப உன் மண்டைக்குள்ள இருக்கிறது செண்பகா வந்து சேர்ந்த இடம். அவ எங்கெங்க விழுந்து எந்திரிச்சாங்கிறது அதுல இல்ல. அந்தச் சின்னப் பிள்ளை கேட்டது விழுந்த இடத்தைப் பத்தி." கொஞ்சம் யோசித்தார். "எறக்கிட்டு, நாளைக்குள்ள புதுசா புரியலன்னா?"

"வேலை போச்சு. மாமா சென்னைல ஒரு கம்பெனில சொல்லி வச்சிருக்காவ. நாள் பூரா உக்காந்து மிஷின் சொல்லுத பதிலுக்கு ஆமா, இல்லன்னு பட்டன் அமுக்கணுமாம். ஏசி ரூமாம்." ஜெமிமா நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தாள். "எனக்குப் போர்டு முன்னால நிக்கணும் மேடம். வேற ஒண்ணும் வேண்டாம்."

மேடம் இசக்கிராஜைப் பார்த்துத் தலையசைத்தார்.

தொப்பி இறங்கியது. வலியெல்லாம் இல்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை யாரோ நிறுத்தின மாதிரி ஒரு அமைதி. அவ்வளவுதான். இசக்கிராஜ் நீலக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இப்ப சொல்லு. ரூட் ரெண்டு?"

"விகிதமுறா எண்."

"ஏன்?"

ஜெமிமா வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். "அண்ணாச்சி! தெரியல!"

"இதுக்குப் போயி இம்புட்டுச் சந்தோசப்படுத பிள்ளைய நான் பாத்ததில்ல" என்றார் இசக்கிராஜ். "குப்பி சாயங்காலம் பெல் அடிக்க வரைக்கும் தாங்கும். பொறவு வெளுத்துரும். பயமாயிருந்தா அதுக்குள்ள வந்து திருப்பி ஏத்திக்கோ."

"பன்னு?"

"தானம் கொடுத்தவளுக்குத்தான் பன்னு."

"நானும் கொடுத்தேம்லா!"

"நீ யாருக்குக் கொடுத்த? குப்பிக்கா?"

"எறக்குனதுல தலை சுத்துது அண்ணாச்சி."

"நடிக்காத" என்று சொல்லிவிட்டுப் பன்னை எடுத்துக் கொடுத்தார்.

அந்தப் பன்னில் முதல் கடி கடிக்கும்போதுதான் செண்பகா உள்ளே வந்தாள். செண்பகவல்லி, அந்தக் கல்லூரியின் 'ஊற்று'. கணிதத்தில் முதல் மாணவி என்பதற்காக அந்தப் பேர் வரவில்லை. எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் அவளுக்கு ஊறும் என்பதற்காக வந்த பேர். ஜூனியர் பிள்ளைகள் அவளைப் பார்த்தாலே எழுந்து நிற்பார்கள். அடுத்த வாரம் சென்னையில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு நேர்முகத் தேர்வு. அதற்கு இந்தக் கல்லூரியிலிருந்து அழைக்கப்பட்ட ஒரே பிள்ளை அவள்தான்.

"ஏட்டி ஜெமிமா, வராந்தால மேடம் சொன்னது நிசமா? நான் கொடுத்ததை எறக்கிட்டியாமே! என்ன கொழுப்பு ஒனக்கு?"

"கோவப்படாத. நீ கொடுத்தது நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் படி இல்லாத மாடில நிக்க மாதிரி இருந்துச்சு. நீயே வந்துட்டல்லா, வா, உக்காரு. வாயால சொல்லிக்கொடு."

"எனக்கு நேரமில்லட்டி."

"அஞ்சு நிமிசம்."

"லைப்ரரிக்குப் போணும்."

"லைப்ரரி ஓடிரவா போகுது? செண்பகா, எனக்கு நாளைக்கு வேலை. ஒரே ஒரு கேள்வி. பின்னத்துல மேல உள்ளதோட வர்க்கம் இரட்டைன்னா, மேல உள்ளதும் இரட்டைன்னு எழுதுவோம்லா. அது எதனால?"

செண்பகா பையின் பட்டையைச் சரிசெய்தாள். "அது வெளிப்படை" என்றாள்.

ஜெமிமா பன்னைக் கீழே வைத்தாள்.

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல. வாரேன்."

"நில்லுட்டி. நீ அந்த வார்த்தைய சொல்ல மாட்டியே. ஏத்திக்கிட்டவதான அதைச் சொல்லுவா. நீ ஊற்றுல்லா?"

செண்பகா வாசலைப் பார்த்தாள். இசக்கிராஜ் குப்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேடம் எப்போதோ போய்விட்டார். செண்பகா திரும்பி வந்து ஜூஸ் பெட்டி மேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஊறலட்டி."

"என்னது?"

"ரூட் ரெண்டு ஊறல. தீபாவளிக்குப் பொறவு ஊறவே இல்ல. கேட்டா 'வெளிப்படை'ன்னு சொல்லிச் சமாளிக்கேன். யார்ட்டயும் சொல்லிராத."

"நீதான சொந்தமா படிச்ச?"

"சொந்தமாத்தான் படிச்சேன். ஊறி முடிக்கதுக்குள்ள அடுத்தவ வந்து நிப்பா. 'செண்பகாக்கா, நாளைக்கு டெஸ்ட்டு'ம்பா. அழுவா. இல்லன்னு சொல்ல வாய் வராது. அரைகுறையா ஊறுனதையும் எடுத்து எடுத்துக் கொடுத்தேன். ஒருநாள் பாத்தா கெணறு மாதிரி வத்திப்போச்சு. மொதல்ல ரூட் ரெண்டு. பொறவு லிமிட் பாடம். இப்போ ஒவ்வொண்ணா போவுது." அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "எல்லாரும் ஊத்து ஊத்துங்காவ. நான் எப்படிட்டி போயி வத்திப்போச்சுன்னு சொல்லுவேன்?"

"மேடத்துக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா இண்டர்வியூவுக்கு லெட்டர் கொடுப்பாவளா?"

செண்பகாவின் கண் மெதுவாக இயந்திரத்தின் பக்கம் போனது. தாங்கியில் அந்த நீலக் குப்பி நின்றுகொண்டிருந்தது.

"அது என்னோடதுதானே?" என்றாள்.

"எது?"

"அந்தக் குப்பி. நான் கொடுத்ததுதான உன்கிட்ட இருந்துச்சு. நான் மொதல்ல கொடுத்த அசல் சரக்கு அது. எனக்கு ஏத்திவிடச் சொல்லுட்டி. அடுத்த வாரம் அங்க போயி 'வெளிப்படை'ன்னா சொல்லிட்டு நிப்பேன்?"

ஜெமிமா குப்பியைப் பார்த்தாள். நாளைக்குக் காலையில் ஒன்றும் புரியாமல் நின்றால் அவளுக்கு இருக்கிற ஒரே கைப்பிடி அதுதான். முன்னைப் போல ஒப்பிக்கவாவது ஒப்பிக்கலாம். அதையும் கொடுத்துவிட்டால் அம்பாசமுத்திரத்துக்குப் பஸ் ஏறுவதே வீண். சென்னையும் பட்டனும் ஏசி ரூமும் கண்முன் வந்து போயின.

"எடுத்துக்கோ" என்றாள். "ஆனா ஒண்ணு. அதை ஏத்திக்கிட்டா நீயும் எங்க கோஷ்டிதான். உன் சரக்கே ஆனாலும் பொறவு ஊறாது."

"எனக்கு வேற வழி?"

"பெல் அடிக்கதுக்கு நேரம் இருக்குல்லா. அதுவரைக்கும் எங்கூட உக்காரு. எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. ரெண்டு பேரும் மண்டைய உடைப்போம். வரலன்னா நீ ஏத்திக்கோ. நான் கேக்க மாட்டேன்."

"கூறுகெட்டவளே, நாளைக்கு உனக்கு?"

"நாளைக்குள்ளதை நாளைக்குப் பாப்போம். எந்திரி, பெட்டிய எறக்கு."

ஜூஸ் பெட்டிகள் தரைக்குப் போயின. வட்ட மேஜை தூசியோடு வெளியே வந்தது. இசக்கிராஜ் "எங்க வச்சத எங்கன தூக்குதிய?" என்று சத்தம் போட்டார். யாரும் காதில் வாங்கவில்லை.

"ஆரம்பி. ரூட் ரெண்டு ஒரு பின்னம்னு வச்சுக்கோ. இனிமே சுருக்க முடியாத பின்னம்" என்றாள் செண்பகா.

"ஏன் சுருக்க முடியாததுன்னு வைக்கணும்?"

"ஏன்னு தெரியல. அப்படித்தான் ஆரம்பிக்கும்னு மட்டும் ஞாபகம்."

"சவத்த விடு, அப்படியே வையி. ரெண்டு பக்கமும் வர்க்கம் எடு. மேல உள்ளதோட வர்க்கம், கீழ உள்ளதோட வர்க்கத்தைப் போல ரெண்டு மடங்கு."

"அப்ப மேல உள்ளதோட வர்க்கம் இரட்டை. அதனால மேல உள்ளதும் இரட்டை."

"எதனால?"

"அது வெளிப்..."

"சொன்ன, பல்ல ஒடச்சிருவேன்."

செண்பகா சிரித்துவிட்டாள். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அவளுக்கே புதிதாக இருந்தது. "சரி, இரட்டையா இல்லன்னா ஒத்தை. ஒத்தைய ஒத்தையால பெருக்குனா என்ன வருது? மும்மூணு ஒம்பது. அஞ்சஞ்சு இருபத்தஞ்சு. ஏழேழு நாப்பத்தொம்பது. ஒத்தைதான் வருது."

"எப்பவுமா?"

"எப்பவும்தான்... இரு. எப்பவும்னு எப்படித் தெரியும்?"

ஜெமிமா பன் பொட்டலத்துக் காகிதத்தில் புள்ளி வைத்தாள். ஏழு வரிசை, வரிசைக்கு ஏழு. "பிரேயர்ல நிக்க மாதிரி வச்சுக்கோ. ஒவ்வொரு வரிசைலயும் ஜோடி ஜோடியா சேத்து வீட்டுக்கு அனுப்பு. வரிசைக்கு ஒருத்தி மிச்சம் நிப்பா."

"ஏழு வரிசை. ஏழு பேரு மிச்சம்."

"அந்த ஏழு பேரையும் ஜோடி சேரு."

"ஒருத்தி மிச்சம்!"

"எத்தனை வரிசையா இருந்தாலும்! ஒத்தைப்படையா இருந்தா கடைசில ஒருத்தி தனியா நின்னே தீருவா."

"பாவம், யாரு அது?"

"நம்ம நவமணி மேடம்."

இரண்டு பேரும் மேஜையில் அடித்துச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு கணக்கு ஓடத் தொடங்கியது. மேலே இருப்பது இரட்டை என்றால் அதன் வர்க்கம் நாலால் வகுபடும், அதில் பாதிதான் கீழே இருப்பதன் வர்க்கம், பாதியும் இரட்டை, அப்படியானால் கீழே இருப்பதும் இரட்டை.

"மேலயும் இரட்டை, கீழயும் இரட்டை. அப்ப ரெண்டால சுருக்கலாமே!"

"சுருக்க முடியாதுன்னுல்லா வச்சோம்! அப்ப ரூட் ரெண்டு பின்னமே இல்ல!"

"ஏட்டி! அதுக்குத்தான் அப்படி வச்சமா!"

செண்பகா எழுந்து நின்றுவிட்டாள். கையிலிருந்த பென்சில் உருண்டு எங்கேயோ போனது. "இதே எடத்துலதான் ஃபர்ஸ்ட் இயர்ல எனக்குப் புல்லரிச்சுது. நெசம்மா. ஹாஸ்டல் மொட்டைமாடில நின்னு கத்துனேன். வார்டன் ஏசுனாவ. இத்தனை பேருக்குக் கொடுத்திருக்கேன், இந்த ஒண்ணு மட்டும் யாருக்கும் போவல பாத்தியா."

"இப்ப எனக்கு வந்துட்டுல்லா. உக்காரு, ரெட்டைச் சடை காத்திருக்கா. நாலுக்கு வா."

"நாலு. மேல உள்ளதோட வர்க்கம் நாலால வகுபடும். அதனால மேல உள்ளதும் நாலால வகுபடும்..."

"எதனால?"

"ரெண்டுக்கு ஒத்தைக் கணக்கு வந்து காப்பாத்துச்சு. நாலுக்கு யாரு வருவா?"

"வர மாட்டா போலிருக்கே. அப்ப அந்த வரி பொய்யோ? வர்க்கம் நாலால வகுபட்டு, தான் மட்டும் வகுபடாத எண்ணு எதும் இருக்கா?"

இருவரும் குனிந்தார்கள். காகிதம் தீர்ந்து, ஜூஸ் பெட்டி அட்டையில் எழுதினார்கள். ஜன்னலில் வெயில் சாய்ந்தது. இசக்கிராஜ் ஒருமுறை வந்து ஏதோ சொன்னார். "இருங்க அண்ணாச்சி" என்றார்கள் ஒரே குரலில்.

"ஆறு!" என்று கத்தினாள் செண்பகா. "ஆறாறு முப்பத்தாறு! முப்பத்தாறு நாலால வகுபடும், ஆறு வகுபடாது!"

ஜெமிமா அவளையே பார்த்தாள். "ஏட்டி, எதுக்கு ஆறு வரைக்கும் போன? ரெண்டே போதுமே. ரெண்டோட வர்க்கம் நாலு."

"ச்சை. மூக்குக்குக் கீழ இருந்திருக்கு."

"அங்கதான் உடையுது! ரெண்டுக்கு நிக்குத வரி, நாலுக்கு உடையுது. ரெட்டைச் சடை கேட்டது இதைத்தான்!"

"பிள்ளையளா" என்றார் இசக்கிராஜ். அவர் அங்கே வந்து நின்று எவ்வளவு நேரம் ஆயிற்றோ. கையில் குப்பி. தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது. "மூணு தடவ கூப்பிட்டாச்சு. ஒருத்தியும் திரும்பல. பெல் அடிச்சு எம்புட்டு நேரமாச்சு."

செண்பகா குப்பியை வாங்கி ஆட்டிப் பார்த்தாள். முகத்தில் ஒரு பயம் வந்து, அப்படியே நின்று, பிறகு போனது. "ஏட்டி, எனக்கு இனி இது ஊறுமா?" என்றாள் ஜெமிமாவிடம், மெதுவாக.

"எனக்கென்ன தெரியும். ஊறலன்னா வா, திருப்பி உக்காருவோம்."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஃபர்ஸ்ட் இயர் பிள்ளை எட்டிப் பார்த்தது. "செண்பகாக்கா, நாளைக்கு டெஸ்ட்டு..."

செண்பகா அந்தப் பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தாள். "கொடுக்க ஒண்ணுமில்ல. எங்கிட்ட வத்திப்போச்சு" என்றாள். வாய் விட்டுச் சொன்னதும் அவளுக்கே மூச்சு லேசானது போலிருந்தது. "உக்காந்து கேக்கதுன்னா உள்ள வா. செருப்ப வெளிய போடு."

மறுநாள் காலை அம்பாசமுத்திரத்துப் பள்ளிக்கூடம். தலைமை ஆசிரியை ராஜபுஷ்பம் கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரலாறு எடுத்தவர், சிரிப்பைச் செலவழிக்காதவர்.

ஜெமிமா பாதி போர்டுதான் எழுதினாள். மீதியைப் பிள்ளைகள் எழுதினார்கள். வரிசையில் நிற்க வைத்து ஜோடி சேர்த்ததில் வகுப்பே பிரேயர் மைதானம் ஆனது. ரெட்டைச் சடை எழுந்து, "மிஸ், முந்தாநாள் கேட்டேன், ரூட் நாலு..." என்றதும் ஜெமிமாவுக்குச் சிரிப்பு அள்ளிக்கொண்டு வந்தது.

"நானும் அங்கனதான் விழுந்தேன். நேத்து சாயங்காலம் பூரா எந்திரிக்க முடியல. எந்த வரில கால் இடறுதுன்னு நீயே பாரு."

ரெட்டைச் சடை பார்த்தது. பக்கத்துப் பிள்ளை பார்த்தது. சண்டை வந்தது. இரண்டு என்ற பதில் மூன்று மூலையிலிருந்து ஒரே நேரத்தில் வந்தது. அதோடு முடிந்திருக்கும். பின்பெஞ்சில் ஒரு பிள்ளை, "மிஸ், அப்ப எட்டுக்கும் உடையுதே! நாலோட வர்க்கம் பதினாறு. பதினாறு எட்டால வகுபடும், நாலு வகுபடாது. அப்ப ரூட் எட்டும் ரூட் நாலு மாதிரி ஒழுங்கான எண்ணா?" என்றது.

ஜெமிமாவுக்குப் பதில் நுனிநாக்கில் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள். "கணக்கு உடைஞ்சுதுன்னா விடையும் உடைஞ்சுதுன்னு அர்த்தமா? யோசிங்க" என்று சொல்லிவிட்டுச் சாக்பீஸை வைத்தாள்.

தலைமை ஆசிரியை அறையில் மின்விசிறி கிரீச்சிட்டது.

"நல்லா இருந்துச்சு" என்றார் ராஜபுஷ்பம். "முந்தாநாள் வந்த பொண்ணுதானான்னு சந்தேகமாயிட்டு. மையத்துல ஏத்திக்கிட்டதா இது?"

"இல்ல மேடம். இது சொந்தம்."

"அப்ப ஊறும். அதான் எனக்கு வேணும்." மேஜையில் முன்னால் சாய்ந்தார். "அடுத்த வருசம் நம்ம பள்ளிக்கூடத்துக்கும் அந்த மிஷின் வருது. கமிட்டி முடிவு பண்ணியாச்சு. பிள்ளையளுக்கு மொத்தமா ஏத்திரலாம். பப்ளிக்ல எல்லாரும் சென்டம். கொடுக்கதுக்குத்தான் நல்ல ஆள் வேணும். வாரம் ஒரு பாடம் நீங்க கொடுத்தா போதும். தொண்டை கட்டாது, சாக்பீஸ் தூசி கெடையாது. சம்மதமா?"

ஜெமிமாவுக்கு முதலில் விளங்கவில்லை. "அப்ப கிளாஸ் மேடம்?"

"கிளாஸ் எதுக்கு?"

"போர்டு?"

"அதைக் கழட்டிட்டுத்தான் மிஷின் வைக்கணும். இடம் வேணும்லா."

ஜெமிமா மடியில் இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஒரு கூட்டுக்காரி இருக்கா மேடம். எங்க காலேஜ்லயே அவதான் ஊற்று. எடுத்து எடுத்து அவளுக்கு இப்ப வத்திப்போச்சு."

"அளவா எடுப்போம்."

"சரி, எனக்கு வத்தலன்னே வச்சுக்கிடுவோம். ஏத்திக்கிட்ட பிள்ளைக்கு ஊறாது மேடம். இந்த ஊரு பிள்ளையளுக்கெல்லாம் ஏத்தி முடிச்ச பொறவு, அடுத்தால யாருகிட்டருந்து எடுப்பிய?"

"அது அப்போ பாத்துக்கிடலாம்."

"அப்ப எனக்கு இந்த வேலை வேண்டாம் மேடம்" என்றாள் ஜெமிமா. சொல்லிவிட்டுத்தான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. சென்னைக்கு எந்த ரயிலில் போவது என்றுகூட மனம் போய்விட்டது. எழுந்தாள். "வாரேன்."

சாப்பாட்டு மணி அடித்தது. வராந்தாவில் எல்லா வகுப்பும் டிபன் பாக்ஸோடு இரைந்துகொண்டு போனது. ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை.

"பத்தாம் வகுப்பு ஏன் வெளிய வரல?" என்று ராஜபுஷ்பம் எழுந்து போனார். ஜெமிமா வாசலில் நின்றாள், கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று.

போனவர் சீக்கிரம் வரவில்லை. உள்ளேயிருந்து அதட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம். பிறகு "இரு, இரு, அதெப்படி?" என்று ஒரு குரல். அது பிள்ளைகளின் குரல் இல்லை. கடைசியில் அவர் வெளியே வந்தபோது வலது கை முழுக்கச் சாக்பீஸ் தூசி, முந்தானையிலும் கொஞ்சம்.

"சோறு திங்க வர மாட்டேங்குதுவ" என்றார், யாரையோ குற்றம் சொல்வது போல. "ரூட் எட்டுக்கு முடிவு தெரிஞ்சாத்தான் வருமாம். விடை என்ன?"

"மேடம்?"

"எனக்காவது சொல்லிட்டுப் போங்க."

"மிஷின் வரட்டும் மேடம். ஏத்திக்கிடுங்க."

ராஜபுஷ்பம் அவளை முறைத்தார். அவர் கைத் தூசியைத் தட்டினார், மேஜைக்குப் போனார், ஒரு பழைய சுற்றறிக்கையைத் திருப்பிப் போட்டுப் பேனாவைத் திறந்தார்.

"திங்கக்கிழமை பிரேயருக்கு முந்தி வந்துருங்க. பத்தாம் வகுப்பு உங்களுக்கு. காலேஜ் பரீட்சைக்கு லீவு எடுத்துக்கிடுங்க."

"மிஷின் மேடம்?"

"கமிட்டிகிட்ட நான் பேசிக்கிடுதேன். போர்ட எடுக்க மாட்டேன். போதுமா?" பேனா காகிதத்தின் மேல் நின்றது. "திங்கக்கிழமைக்குள்ள நானே போட்டுக் காட்டுதேன். அதுவரைக்கும் விடைய யார்ட்டயும் சொல்லிராதிய. ரூட் எட்டு ஒரு பின்னம்னு வச்சுக்கிடணும். இனிமே சுருக்க முடியாத பின்னம். அப்படித்தான ஆரம்பிக்கணும்?"

ஜெமிமா உதட்டை அழுத்தி மூடிக்கொண்டாள்.